அடைத்த பிறகு ரத்தம் எந்த வழியாகப் போகும்?

காலில் புடைத்துச் சுருண்ட நாளத்தோடு மருத்துவரிடம் போகிறவர்கள் அநேகமாக எல்லோருமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த நரம்பை லேசர்ல எரிச்சுட்டா, அப்புறம் ரத்தம் எது வழியா போகும் டாக்டர்?"

நியாயமான கேள்வி. உடலில் ஒரு குழாய் இருக்கிறது, அதில் ரத்தம் ஓடுகிறது, அந்தக் குழாயை அடைப்பதுதான் சிகிச்சை என்கிறார்கள். அடைத்தால் கால் வீங்காதா? கறுத்துப் போகாதா? இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் குறையாதா? இந்த அச்சத்திலேயே வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, கணுக்காலில் புண் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு.

நடப்பதோ நேர்மாறு. அடைத்த பிறகுதான் கால் லேசாகிறது, மாலை வீக்கம் வடிகிறது, ஆறாத புண்ணும் ஆறத் தொடங்குகிறது. ஒரு நாளம் குறைந்ததும் ரத்த ஓட்டம் எப்படிச் சீராகும்? இந்தப் புதிர் அவிழ்ந்துவிட்டால், விளம்பரப் பலகைகளில் பார்க்கிற லேசர், ரேடியோ அலை, நுரை ஊசி, பசை எல்லாம் எதற்காக என்பது தானே விளங்கும்.

பேச்சில் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். உண்மையில் சுருண்டிருப்பது, உடலைச் சுற்றிவிட்டு இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் கொண்டுபோகும் நாளம். அதைச் ‘சிரை’ என்பார்கள். இந்த நோய்க்கு மருத்துவர் வாயிலும் நம் வாயிலும் பழகிவிட்ட பெயர் வெரிகோஸ் வெயின்.

கீழிருந்து மேலே

பாதம் வரை ரத்தத்தைத் தள்ளிவிடுவது இதயத்தின் வேலை. திரும்பும்போது அந்த உந்துதல் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். நிற்கிற ஒருவருக்குக் கணுக்காலிலிருந்து இதயம் வரை ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றம்.

155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண் அசையாமல் நிற்கிறார் என்று கொள்வோம். அவருடைய கணுக்காலுக்கும் இதயத்துக்கும் இடையே ஏறத்தாழ 105 செ.மீ. அவ்வளவு உயரத்துக்கு நிற்கும் ரத்தத்தின் பாரம் முழுவதும் கணுக்காலருகே உள்ள சிரையை அழுத்துகிறது. பி.பி. பார்க்கும்போது 120, 80 என்று சொல்கிறோமே, அதே அளவுகோலில் இந்த அழுத்தம் சுமார் 80 இருக்கும். அவர் பத்து எட்டு நடக்கட்டும். அதே இடத்தில் அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடும்.

இதைச் செய்வது கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு எட்டிலும் அது இறுகும்போது தனக்குள் புதைந்திருக்கும் பெரிய சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. தசை தளரும்போது ஏறிய ரத்தம் கீழே வழிந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காகச் சிரையின் உட்சுவரில் சில அங்குல இடைவெளிகளில் மெல்லிய இதழ்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. மேலே போகும் ரத்தத்துக்கு அவை திறக்கும். கீழே வரப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். கிணற்று மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு செய்கிற வேலையும் இதுதான். ஃபுட் வால்வு கசிந்தால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தொட்டி நிறையாது.

இந்த வால்வுகளை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் நீளமாக ஓடும் ஒரு சிரை புடைத்துத் தெரியும்வரை காத்திருங்கள். மணிக்கட்டை ஒட்டிய பக்கத்தில் அந்தச் சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி ரத்தத்தை வழித்துத் தள்ளி, விரலை எடுத்துவிடுங்கள். மேலே தள்ளிய ரத்தம் ஓரிடம் வரை திரும்பி வந்து, அங்கே சிறு முண்டுபோல் நின்றுவிடும். அந்த முண்டுதான் வால்வு. அதற்குக் கீழே சிரை வெறுமையாகத் தட்டையாக இருக்கும். அழுத்தியிருக்கும் முதல் விரலை எடுத்ததும் கீழிருந்து சட்டென்று நிரம்பும். 1628-இல் வெளியான நூலில் ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி வாதிட்டபோது காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. அவருடைய ஆசிரியர், இத்தாலியின் பதுவா நகரத்து ஃபாப்ரிசியஸ், அதற்கு இருபத்தைந்து ஆண்டு முன்பே சிரை வால்வுகளைப் படம் வரைந்து விவரித்திருந்தார். அவை எந்தத் திசைக்குக் கதவு திறக்கின்றன என்பதைச் சோதித்துப் பார்த்து, அதன் பொருளைச் சொன்னவர் மாணவர்தான்.

இரண்டு அடுக்குகள்

காலில் சிரைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. தசைகளுக்கு நடுவே ஓடுபவை ஆழ்சிரைகள். காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கை அவையே சுமக்கின்றன. தோலுக்கு அடியில் ஓடுபவை மேல்சிரைகள். மேல்சிரைகளில் முதன்மையானது, உள் கணுக்காலுக்கு முன்னால் தொடங்கி, தொடையின் உட்புறமாக ஏறி, கவட்டையில் ஆழ்சிரையோடு சேரும் ஒரு நாளம். உடலிலேயே நீளமான சிரை இதுதான் என்பதால் இங்கே ‘நெடுஞ்சிரை’ என்று அழைக்கிறேன். ஸ்கேன் அறிக்கையில் இது ‘ஜிஎஸ்வி’ என்று இருக்கும். இரு அடுக்குகளையும் இணைக்கும் சிறு சிரைகள் கால் நெடுக உண்டு.

இப்போது நெடுஞ்சிரையின் உச்சியில், கவட்டையில் உள்ள வால்வு தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கெண்டைக்கால் தசை சிரமப்பட்டு மேலேற்றிய ரத்தம், ஆழ்சிரை வழியே கவட்டை வரை வருகிறது. அங்கே திறந்து கிடக்கும் வாய் வழியாக அதில் ஒரு பகுதி நெடுஞ்சிரைக்குள் இறங்கி, காலடிக்கே வந்துவிடுகிறது. அங்கிருந்து இணைப்புச் சிரைகள் வழியாக மறுபடியும் ஆழ்சிரைக்குள் புகுகிறது. தசை அதை மறுபடியும் மேலேற்றுகிறது, மறுபடியும் இறங்குகிறது. இதயத்தைத் தொடாமல் அதே ரத்தம் காலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிக் டிரெண்டலென்பர்க் 1890-களின் தொடக்கத்திலேயே இந்த உள்சுற்றை அடையாளம் கண்டார். நோயாளியைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிச் சிரையைக் காலிசெய்து, கவட்டையில் விரலால் அழுத்தியபடியே எழுந்து நிற்கச் சொல்வார். சிரை நிரம்பாமல் இருக்கும். விரலை எடுத்ததும் மேலிருந்து கீழாக நிரம்பி இறங்கும்.

தவறான திசையில் ரத்தம் வழிவதைப் ‘பின்னொழுக்கு’ எனலாம். பின்னொழுக்கு இருக்கும் காலில், நடந்தாலும் கணுக்கால் அழுத்தம் வேண்டிய அளவு குறைவதில்லை. நாள் முழுவதும் அந்தப் பாரத்தைத் தாங்கும் சிரைச்சுவர் நீண்டு, அகன்று, போக இடமில்லாமல் வளைந்து நெளிகிறது. நாம் வெளியே பார்க்கும் புடைப்பு அதுதான்.

புடைப்பும் சிலந்தியும்

தோலுக்கடியில் 3 மி.மீ.க்கு மேல் அகன்று, நின்றால் புடைப்பவை வெரிகோஸ் சிரைகள். 1 முதல் 3 மி.மீ. வரை உள்ளவை பச்சையோ நீலமோ கலந்த வலைப்பின்னலாகத் தெரியும். 1 மி.மீ.க்கும் குறைவாக, தோலுக்குள்ளேயே செந்நிறத்திலோ ஊதா நிறத்திலோ கிளைபரப்பித் தெரிபவை சிலந்திச் சிரைகள். இவற்றைக் கையால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. பெரும்பாலானவர்களுக்கு இது தோற்றம் சார்ந்த கவலை மட்டுமே. ஆனால் உள் கணுக்காலுக்குக் கீழே விசிறி விரித்தாற்போல் நீலமும் சிவப்புமாக மெல்லிய சிரைகள் தெரிந்தால் கதை வேறு. மேலே எங்கோ பின்னொழுக்கு இருக்கிறது, அழுத்தம் தோல்வரை வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். நோயின் நிலைகளை 0 முதல் 6 வரை பிரிக்கும் உலகப் பொதுவான அட்டவணை 1994-இல் உருவானது. 2020-இல் அதைத் திருத்தியபோது இந்த விசிறியை 4-ஆம் நிலைக்குள் சேர்த்துவிட்டார்கள்.

இது பெண்களின் நோய் என்ற நினைப்பு நம்மிடம் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 18 முதல் 64 வயது வரையிலான 1,566 பேரின் கால்களைப் பரிசோதித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய சிரைகளின் புடைப்பு ஆண்களில் 40 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 32 விழுக்காட்டினருக்கும் இருந்தது. ஆண்களுக்கும் வருகிறது, வேட்டியும் பேன்ட்டும் மறைத்துவிடுகின்றன. வயது, குடும்பவழி, கர்ப்பம், உடல் எடை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். இருந்த இடத்தில் நின்றே செய்யும் வேலையும் அப்படித்தான். கடைசியாகச் சொன்னது மட்டும் விதியால் வருவதில்லை, பணியிடத்தில் முடிவாகிறது. விற்பனைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடிய கேரளத்தில் 2018-இல் அதற்கெனச் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 2021-இல், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயம் ஆக்கப்பட்டது. சட்டம் வந்துவிட்டது. ஒரு துணிக்கடைக்குள் நுழையும்போது முக்காலி கண்ணில் படுகிறதா, அதில் உட்கார யாரையாவது விடுகிறார்களா என்று நாம் பார்க்க வேண்டும்.

ஒரு காலைப் பார்ப்போம்

அப்படி ஒரு துணிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் 44 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். உயரம் 155 செ.மீ. இரண்டு பிரசவம் ஆனவர். அவருடைய அம்மாவுக்கும் காலில் இதே புடைப்பு. மாலையானால் இடது கால் கனத்துப்போகிறது, செருப்பு வார் பதிந்துவிடுகிறது. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. முழங்காலுக்குக் கீழே உட்புறம் மூன்று நான்கு முடிச்சுகள். தொடையின் வெளிப்புறம் சிலந்திச் சிரைகள். உள் கணுக்காலுக்கு மேலே ஒரு கையகலத்துக்குத் தோல் கறுத்து அரிக்கிறது. அரிப்பைக் கரப்பான் என்று நினைத்து ஆறு மாதமாகக் களிம்பு தடவுகிறார்.

அவரை அதிகம் வருத்துவது முடிச்சுகள், உறவினர்கள் சுட்டிக்காட்டுவது சிலந்திச் சிரைகள். மருத்துவர் முதலில் பார்ப்பது அந்தக் கறுப்பை. அழுத்தம் தாங்காமல் நுண்ணிய நாளங்களிலிருந்து வெளியே கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்புச் சத்து தோலில் படிந்ததால் வந்த நிறம் அது. அட்டவணைப்படி 4-ஆம் நிலை. 6 என்றால் ஆறாத புண்.

அடுத்தது டாப்ளர் ஸ்கேன். இதை நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். படுக்கவைத்து மட்டும் பார்த்தால் பின்னொழுக்கு சரியாகத் தெரியாது. மேசை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் பாரத்தைப் போட்டு அவர் நிற்கிறார். இடது தொடையின் உட்புறம் குளிர்ந்த ஜெல் தடவிக் கருவியை வைக்கிறார்கள். ஒருவர் கெண்டைக்காலைக் கையால் அமுக்கிவிட்டு விடுகிறார். அமுக்கும்போது திரையில் சிரைக்குள் நீலம் பாய்கிறது, ரத்தம் மேலே போகிறது. விட்டதும் வால்வு அரை நொடிக்குள் மூடியிருக்க வேண்டும். இவருக்குச் சிவப்பு மூன்று நொடி நீடிக்கிறது. அவ்வளவு நேரமும் ரத்தம் கீழே இறங்குகிறது. நெடுஞ்சிரையின் அகலம் 8 மி.மீ. என்று வருகிறது. ஆழ்சிரைகளில் அடைப்பு இல்லை, அவற்றின் வால்வுகளும் நன்றாக இருக்கின்றன.

முடிச்சு முழங்காலுக்குக் கீழே, கசிவு கவட்டையில். முடிச்சை மட்டும் வெட்டி எடுத்தால், மேலிருந்து இறங்கும் ரத்தம் கொஞ்ச நாளில் வேறொரு கிளையைப் புடைக்க வைக்கும். இந்த நோயில் ஸ்கேன் இல்லாமல் ஊசி போடுகிற இடத்தை நான் நம்ப மாட்டேன். சிகிச்சை எது என்பதைவிட, கசிவு எங்கே என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

இரண்டு நிமிடச் சூடு

இவருக்கு ரேடியோ அலைச் சிகிச்சை என்று முடிவாகிறது. மயக்க மருந்து தேவையில்லை. முழங்காலருகே தோலை மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் பார்த்தபடியே நெடுஞ்சிரைக்குள் ஊசி ஏற்றி, அதன் வழியே ஒரு மெல்லிய குழலைக் கவட்டை வரை செலுத்துகிறார்கள். முனை, ஆழ்சிரையோடு சேரும் இடத்துக்கு 2 செ.மீ. கீழே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் ஆழ்சிரைக்குச் சூடு பட்டுவிடும்.

அடுத்த வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும். உப்புநீரில் மரப்பு மருந்து கலந்த கரைசலைச் சிரையைச் சுற்றி நெடுகிலும் ஏற்றுகிறார்கள். 1980-களில் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளெய்ன் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சைக்காக வகுத்த முறை இது. வலி தெரியாமல் வைத்திருப்பதோடு, சிரையை வெளியிலிருந்து அமுக்கிக் குழலோடு ஒட்டவைக்கிறது. சூடு தோலையும் பக்கத்து நரம்பையும் எட்டாமல் தடுக்கிறது. இந்தக் கரைசல் இல்லையென்றால் சூட்டுச் சிகிச்சையே இன்றைய வடிவத்துக்கு வந்திருக்காது.

குழலின் முனையில் 7 செ.மீ. நீளத்துக்குச் சூடேறும் பகுதி. 20 நொடிக்கு 120 டிகிரி செல்சியஸ். பிறகு 7 செ.மீ. கீழே இழுத்து மறுபடியும் 20 நொடி. இவருக்கு அடைக்க வேண்டியது 35 செ.மீ. ஆக ஐந்து துண்டு. கவட்டையை ஒட்டிய முதல் துண்டுக்கு மட்டும் இரண்டு முறை. மொத்தம் ஆறு தடவை, 120 நொடி. சூடு பட்ட சிரைச்சுவரில் உள்ள புரத இழைகள் சுருங்கிச் சிரை இறுகி மூடிக்கொள்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழே தொடு உணர்வு நரம்பு ஒன்று நெடுஞ்சிரையை ஒட்டியே ஓடுகிறது, அதைச் சுட்டுவிட்டால் காலின் உட்புறம் மரத்துப்போகலாம்.

கெண்டைக்கால் முடிச்சுகளுக்கு, 2, 3 மி.மீ. துளையிட்டுக் கொக்கியால் சிரையை வெளியே இழுத்து எடுக்கிறார்கள். தையல் கிடையாது, பிளாஸ்திரி போதும். முன்கூட்டியே நிற்கவைத்துத் தோலில் பேனாவால் குறித்துக்கொண்டால்தான் இது நடக்கும். படுத்ததும் முடிச்சுகள் வடிந்து காணாமல் போய்விடும். கட்டுப் போட்டதும் அவரை நடக்கச் சொல்வார்கள். நடப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. ஆழ்சிரையில் ரத்தம் தேங்கி உறைந்துவிடாமல் கெண்டைக்கால் தசை பார்த்துக்கொள்ளும். அப்படி உறைவது நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ நேர்கிறது. ஆகவே கால் திடீரென்று வீங்கினாலும் மூச்சு முட்டினாலும் காத்திருக்கக் கூடாது.

ரத்தம் எங்கே போயிற்று?

அவர் எழுந்து நடக்கிறார். நெடுஞ்சிரை அடைபட்டுவிட்டது. நேற்று வரை அதில் ஓடிய ரத்தம் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ரத்தம் என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சிரை எதையும் இதயத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஆழ்சிரைகள் ஏற்றிவிட்டதைக் காலடிக்குத் திருப்பி அனுப்பி, அவற்றின் சுமையைக் கூட்டிக்கொண்டிருந்தது. வாய் அடைபட்டதும் உள்சுற்று அறுந்தது. ஆழ்சிரைகளுக்கு வேலை மிச்சம், கெண்டைக்கால் தசைக்கும் அப்படியே. மேல்தோலிலிருந்து வரும் சிறிதளவு ரத்தம் மற்ற கிளைகள் வழியாகவும் இணைப்புச் சிரைகள் வழியாகவும் ஆழத்துக்குப் போய்விடும். அடைபட்ட நெடுஞ்சிரை சில மாதங்களில் நார்போல் ஆகி, மெல்ல உடலோடு கரைந்துவிடும். ஓராண்டு கழித்து ஸ்கேனில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது.

இதற்கு நம் கண்முன்னே வேறொரு சான்றும் இருக்கிறது. இதய பைபாஸ் செய்துகொண்ட உறவினர் யாருக்காவது காலில் நீளமான தழும்பைப் பார்த்திருப்பீர்கள். 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ காலின் இந்த நெடுஞ்சிரையைக் கொண்டு பைபாஸ் செய்யத் தொடங்கியதிலிருந்து, கணக்கற்ற மனிதர்களின் கால்களிலிருந்து நல்ல நிலையில் இருந்த நெடுஞ்சிரையையே எடுத்திருக்கிறார்கள். அவர்கள் நடக்கிறார்கள், மாடி ஏறுகிறார்கள். நல்ல சிரை இல்லாமலே கால் சமாளிக்கிறது என்றால், கசிகிற சிரை இல்லாமல் சமாளிக்காதா? ‘நாளைக்கு பைபாஸுக்கு வேணுமே’ என்று சிலர் தயங்குவார்கள். 8 மி.மீ.க்கு அகன்று தளர்ந்த சிரை பைபாஸுக்குப் பொதுவாக உதவாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முன்பு எப்போதோ ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து அந்த வழியே அடைபட்டிருந்தால், மேல்சிரைகள்தான் ரத்தத்தை உண்மையாகவே மேலே கொண்டுபோய்க்கொண்டிருக்கும். அவற்றை அடைத்தால் கால் தவித்துப்போகும். நோயாளிகள் கேட்கும் அந்தக் கேள்வி இவர்களுக்கு முழுக்க முழுக்கப் பொருந்தும். ஸ்கேனில் ஆழ்சிரையை முதலில் பார்ப்பது இதற்காகத்தான்.

மற்ற வழிகள்

ரோமானியத் தளபதி காயஸ் மாரியஸுக்கு இரண்டு கால்களிலும் இந்தப் புடைப்பு இருந்ததாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். தன்னைக் கட்டிப்போட வேண்டாம் என்று சொல்லி, அசையாமல் ஒரு காலை நீட்டி அறுத்துக்கொண்டார். மறு காலைக் கேட்டபோது, கிடைக்கும் பலன் இந்த வலிக்குத் தகுந்ததல்ல என்று மறுத்துவிட்டாராம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறையில், கவட்டையில் அறுத்து நெடுஞ்சிரையைக் கட்டி, உள்ளே கம்பி விட்டு முழு நீளத்துக்கும் உருவி எடுத்தார்கள். மயக்க மருந்து உண்டு, பலனும் நல்ல பலன்தான். ஆனால் தொடை முழுக்க ரத்தம் கட்டும், வேலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகும். ரொம்பவும் வளைந்து நெளிந்து குழலே ஏறாத சிரைக்கும், தோலை ஒட்டிய சிரைக்கும் இன்றும் கத்தி தேவைப்படுவதுண்டு.

லேசரும் ரேடியோ அலையும் அண்ணன் தம்பிகள். லேசரில் இழையின் முனையிலிருந்து வரும் ஒளி சூடாகிறது, இழையை மெதுவாக இழுத்துக்கொண்டே வருவார்கள். தொடக்க காலக் கருவிகள் அதிகம் வலியைத் தந்தன, இன்றைய 1470 நானோமீட்டர் லேசர்கள் அந்தக் குறையைப் பெருமளவு குறைத்துவிட்டன. இரண்டிலும் ஐந்து ஆண்டுக்குப் பின்னும் பத்தில் சுமார் ஒன்பது சிரைகள் அடைபட்டே இருக்கின்றன. எது புதிது, எது விலை அதிகம் என்று பார்ப்பதைவிட மருத்துவருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்று கேட்பது பயன் தரும்.

நுரை ஊசி வேறு வகை. சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கும் மருந்தை நீர்மமாகச் செலுத்தினால், பெரிய சிரையில் ரத்தத்தோடு கலந்து நீர்த்துவிடும். இத்தாலிய மருத்துவர் லோரென்ஸோ டெஸ்ஸாரி எளிமையான வழி ஒன்றைக் காட்டினார். இரண்டு சிரிஞ்சுகளை ஒரு மூவழித் திறப்பானோடு பொருத்தி, ஒன்றில் ஒரு பங்கு மருந்தும் இன்னொன்றில் நான்கு பங்கு காற்றும் எடுத்து, இங்கும் அங்குமாக இருபது தடவை தள்ளினால் வெண்ணெய்போல் நுரை திரளும். நுரை ரத்தத்தை ஒதுக்கித் தள்ளி, சுவர் முழுவதும் மருந்து படும்படி நிற்கிறது. செலவு குறைவு, வளைந்த சிரைக்குள்ளும் போகும், வயதானவர்களுக்கும் போடலாம். சிலருக்குச் சற்று நேரம் கண் முன் மினுக்கமோ இருமலோ வரும். பெரிய சிரை மறுபடியும் திறந்துகொள்ளும் வாய்ப்பும் கூடுதல். பிரிட்டனில் 798 பேரை நுரை, லேசர், அறுவை என்று பிரித்து ஐந்தாண்டு தொடர்ந்த ஆய்வு 2019-இல் வெளியானது. நுரை ஊசி போட்டவர்களைவிட மற்ற இரு பிரிவினரின் கால்கள் தந்த தொல்லை குறைவாக இருந்தது.

2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பசை முறையில் சூடும் இல்லை, சுற்றிலும் ஊசிகளும் இல்லை. நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் வகைப் பசையைச் சிரைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு வெளியிலிருந்து அமுக்குவார்கள். விலை அதிகம். பசை உடலிலேயே தங்கும், சிலருக்கு அந்தத் தடம் நெடுகச் சிவந்து தடிக்கும்.

எதைச் செய்தாலும் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். அடைத்த சிரை திரும்ப வராமல் இருக்கலாம், ஆனால் சிரைகள் தளரும் உடல்வாகு அப்படியேதான் இருக்கும். பல வருடம் கழித்து இன்னொரு கிளையில் கசிவு தொடங்கலாம். ‘ஒரே சிட்டிங்கில் வாழ்நாள் தீர்வு’ என்கிற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

சிலந்திச் சிரைகளுக்கு

நம் துணிக்கடைப் பெண்ணின் தொடையில் உள்ள சிலந்திச் சிரைகள் கடைசியில் வரும் வேலை. பின்னொழுக்கை நிறுத்தாமல் அவற்றைத் தொட்டால் சீக்கிரமே திரும்பும். நெடுஞ்சிரை அடைபட்டுச் சில வாரங்கள் ஆன பிறகு, தலைமுடி போன்ற ஊசியால் பாலிடோகனால் என்ற மருந்தை மிகக் குறைந்த செறிவில் செலுத்துகிறார்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத்தான் அது முதலில் பிறந்தது. சிரைச்சுவரைப் புண்ணாக்குகிறது என்று தெரிந்ததும் வேலை மாறியது. மருந்து நுழையும்போது செந்நிறக் கிளைகள் கண்ணெதிரே வெளுக்கும். ஓரிரு நிமிடத்தில் மறுபடி சிவந்து, பிறகு வாரக்கணக்கில் மெல்ல மறையும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தேவைப்படும்.

நம் போன்ற மாநிறத் தோலுக்கு ஓர் எச்சரிக்கை. ஊசி போட்ட தடத்தில் பழுப்பு நிறம் படியக்கூடும். பெரும்பாலும் ஓராண்டுக்குள் மங்கிவிடும், சிலருக்கு நிற்கும். தோலின் மேலிருந்து அடிக்கும் லேசரிலும் கவனம் வேண்டும். தோலின் நிறமியே ஒளியை உறிஞ்சிக்கொண்டு வெந்துபோகலாம். நிறமி அதிகம் உறிஞ்சாத 1064 நானோமீட்டர் வகையே நமக்குப் பாதுகாப்பு. தொல்லை எதுவும் இல்லாத சிலந்திச் சிரையை அப்படியே விட்டுவிடுவதும் சரியான முடிவே. அதனால் உடலுக்குக் கேடு எதுவும் வராது.

காலுறையும் மாத்திரையும்

இறுக்கக் காலுறை வெளியிலிருந்து அமுக்கி, சிரையைக் குறுக்கி, வீக்கத்தைக் குறைக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, கால் வீங்கத் தொடங்குவதற்குள் போட வேண்டும். கழற்றினால் பலனும் போய்விடும். மே மாத வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் நின்று வேலைக்குப் போகச் சொல்வது எளிது. கர்ப்பிணிகளுக்கும், சிகிச்சை செய்ய இயலாதவர்களுக்கும் இதுதான் துணை. கர்ப்ப காலத்தில் வரும் புடைப்பு பிரசவத்துக்குப் பிறகு பெரிதும் வடிந்துவிடுவதால், அப்போது ஊசியோ லேசரோ வேண்டாம். காலுக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், நெடுநாள் சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறுக்கக் காலுறை போடக் கூடாது. பாதத்துக்கு வரும் கொஞ்ச ரத்தத்தையும் அது நெரித்துவிடும்.

டையாஸ்மின் கலந்த மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு தணிக்கும். தளர்ந்த வால்வை எந்த மாத்திரையும், எந்த எண்ணெயும் திருப்பிச் சேர்க்காது.

புடைப்பு மெலிந்து, கீறினாலே ரத்தம் பீறிடும் நிலைக்கும் வரலாம். குளிக்கும்போது வலியே இல்லாமல் கொட்டும். மேலே துணியைச் சுற்றி இறுக்கக் கட்டுவது தவறு. தரையில் படுத்து, காலை இதயத்துக்கு மேலே தூக்கி, கசியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விரலால் அழுத்த வேண்டும். நின்றுகொண்டே துடைத்துக்கொண்டிருந்ததால் உயிரையே இழந்தவர்கள் உண்டு.

புண் ஆறும் நாட்கள்

உள் கணுக்காலுக்கு மேலே வரும் ஆறாத புண்ணைப் பல வீடுகளில் ‘சர்க்கரைப் புண்’ என்று எண்ணி, மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங் மட்டும் செய்துகொண்டிருக்கிறார்கள். சர்க்கரை இல்லாதவருக்கும் வரும் புண் இது. வெகுகாலம் மருத்துவர்களிடமும் ஒரு பழக்கம் இருந்தது. முதலில் கட்டுப் போட்டுப் புண்ணை ஆற்றுவோம், சிரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அது சரியா என்று பிரிட்டனில் 20 மருத்துவ மையங்களில் 450 பேரிடம் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் இறுக்கக் கட்டு உண்டு. ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரத்துக்குள் கசியும் சிரையையும் அடைத்தார்கள். மறு பிரிவினருக்குப் புண் ஆறும்வரையோ ஆறு மாதம்வரையோ காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் பாதிப்பேருக்குப் புண் ஆற 82 நாள் ஆயிற்று. உடனே அடைத்தவர்களுக்கு 56 நாள்.

தினக்கூலிக்குப் போகிற ஒருவருக்கு இருபத்தாறு நாள் என்பது ஒரு மாதச் சம்பளம். இதற்கான தனித் துறை தனியார் மருத்துவமனைகளில் மட்டும்தான் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ரத்தநாள அறுவைச் சிகிச்சைத் துறை இயங்குகிறது. முழங்காலுக்குக் கீழே வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், அடுத்த டிரெஸ்ஸிங்குக்குப் போகும்போது டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள்.